கம்பி மறைந்த சுவர்கள்

இரண்டு வருடத்துக்கு முன், சாய்ந்தமருதில், கடலுக்குக் கிட்டவுள்ள எங்கள் வளவில் நடந்தது இது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் நிக்காஹ். வாப்பா மௌத்தாகிவிட்டதால் தங்கச்சியின் வீடு என் பொறுப்பு. பட்டம் முடித்த கையோடு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி, நானே கட்டுவதென்று முடிவெடுத்தேன். மீன் பெட்டி செய்கிற ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைக் கட்டிகளை அடுக்கி, நடுவில் கம்பி கட்டி, கொங்கிரீட் ஊற்றும் வீடு. ரெஜிபோம் அப்படியே சுவரோடு நிற்கும்; வெக்கை உள்ளே வராது.

சுனாமியில் கல்வீட்டைப் பறிகொடுத்த உம்மா கேட்டது ஒன்றுதான். "கடல் வந்தா நிக்குமா மகன்?"

"ஓம் உம்மா" என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மீன் பெட்டியிலயா மச்சான் வீடு? ஐஸ் போட மறந்திராத" என்று கூட்டாளி சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஊர் வழக்கப்படியே தொடங்கினேன். முதலில் மேசன், அத்திவாரம், சுவர். பொறியியலாளரைத் தேடுவது கையெழுத்துத் தேவைப்படும்போதுதான். கல்வீட்டுக்கு அது சரிவரும். சுவர் முழுக்க ஊற்றிவிட்டு, மேல் தட்டுப் போடுவதற்கு முன்தான் நான் ஆள் தேடி அலைந்தேன். ஒருவர், இந்த வேலை தனக்குப் பழக்கமில்லை என்று கையை விரித்தார். இன்னொருவர் வந்து பாராமலே கையெழுத்து வைக்கிறேன் என்றார். அது அதைவிடப் பயமாக இருந்தது.

கடைசியில் மருதமுனையிலிருந்து ஒரு பெண் பொறியியலாளர் வந்தார். என் வயதுதான் இருக்கும். சுவரைச் சுற்றி நடந்துவிட்டு, "ஊத்த முதல் கம்பிய ஆராவது பாத்தாங்களா? போட்டோ இரிக்கா?" என்று கேட்டார். போனில் தேடினேன். எல்லாப் படத்திலும் கம்பியை மறைத்துக்கொண்டு நான்தான் சிரித்தபடி நின்றேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த உம்மா அவரிடமும் அதையே கேட்டார். "கடல் வந்தா நிக்குமா மகள்?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நிக்கும் எண்டு செல்ல எனக்கு ஏலா உம்மா. விழும் எண்டும் செல்ல ஏலா. உள்ளுக்க என்ன கிடக்கெண்டு தெரியாம மேல பாரம் ஏத்த விடமாட்டன்."

வேலை அதோடு நின்றது. தங்கச்சிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் முடித்துவிட்டார்கள். தங்கச்சி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. வெயிலில் மஞ்சளாகிப்போன ரெஜிபோமை இப்போது காகங்கள் கொத்துகின்றன. அந்தப் பொறியியலாளருக்கு வாயில் வராத "ஓம்" எனக்கு எவ்வளவு லேசாக வந்தது என்பதை, மேலே ஒன்றுமில்லாமல் நிற்கும் அந்தச் சுவர்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.