அறிக்கையில் எழுதாத இடம்

சம்மாந்துறை நெல் ஆலை வாசலில் நின்றபோது தொலைபேசி வந்தது. "ஜௌபர் மௌத்தாகிட்டார்." அவர் இறந்துவிட்டதை மனம் ஏற்காமல் மறுபடியும் சொல்லச் சொன்னேன்.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் வேலையும் தெரியும். கடலடிக்கு ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் பார்த்து, மீன்கள் எங்கே, எப்போது கூட்டம் சேர்கின்றன என்று மீனவர்களுக்கான அறிக்கையில் குறிப்போம். நான் காரைதீவு, அவர் கல்முனை. பல வருடம் ஒரே படகு. சூடை மீன் கூட்டம் திரையில் எழுந்தால் கரைக்கு வந்து மீனவர்களிடம் சிரித்தபடி பெருமையடிப்பார்: "நாங்க கூப்பிடுறம், அதுகள் மறுமொழி சொல்லுது. எங்கட ஆபீசில கூட இப்பிடி மறுமொழி வராது!"

சுனாமியன்று அவர் காக்கா என்று அழைக்கும் மூத்த சகோதரர் கரையில் தோணியோடு நின்றார். தோணியும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. ஜௌபர் மூன்று நாள் "காக்கா, காக்கா" என்று கூப்பிட்டபடி கரையில் நடந்தார். அதன் பிறகு, மீன்கள் மறுமொழி சொல்லும் அந்தப் பகிடியை அவர் சொன்னதேயில்லை.

யுத்தம் முடிந்ததும், அதுவரை கடற்படை போக விடாத கடற்பகுதிக்குப் போனோம். ஏழு பாகம், ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்தில் திரையில் ஒரு மேடு. அதன்மேல் பாரை மீன் கூட்டம். அவ்வளவு அடர்த்தியாக எங்குமே கண்டதில்லை. ஜௌபரே குதித்து மூழ்கிப் பார்த்தார்.

"தோணி. பாசி மூடிக் கிடக்கு, நிறம்கூடத் தெரியல்ல."

நான் பேனாவை எடுத்தேன். ஈரக் கையால் என் கையைப் பிடித்தார்.

"இந்த இடத்த எழுதாதீங்க."

"உங்கட காக்காட தோணியா?"

"தெரியா. ஆரோ ஒருத்தர்ர காக்காட தோணியா இரிக்கும். அறிக்கையில போட்டா நாளைக்கே இதுக்கு மேல வலை விழும்."

எனக்குக் கோபம் வந்தது. எல்லாம் இழந்த மீனவர்களுக்கு அந்த இடம் சோறு போடுமே என்றேன். "ஓம், அது சரிதான்" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை. அறிக்கையில் ஒரு வரி வெறுமையாகப் போனது. இருவரும் கையொப்பமிட்டோம். செய்தது சரியா பிழையா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஜனாஸா அடக்கத்துக்கு மறுநாள் அவருடைய மதினி, காக்காவின் மனைவி, என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வருத்தம் வந்து படுக்கையில கிடக்கக்குள்ள ஜௌபர் சொன்னார், உங்களுக்கு ஒரு இடம் தெரியுமாம்."

அங்கே கிடப்பது காக்காவின் தோணிதான் என்று நிச்சயமில்லை என்றேன்.

"பரவாயில்ல. அவர அடக்கின கபுறும் இல்ல. எந்தப் பக்கம் பாத்து ஸலாம் சொல்றண்டு தெரியாமத்தானே இத்தின வருசமும் இருந்த."

அவரைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய்க் கையை நீட்டிக் காட்டினேன்.

ஜௌபர் எனக்கு விட்டுப்போனது அந்த வெற்று வரிதான். இங்கும் அதை நிரப்பமாட்டேன். மதினி கடலைப் பார்த்து ஸலாம் சொன்னார். பிறகு, மறுமொழி வருமென்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன்.