பயந்து கொடுத்த நாடு

இராசலட்சுமிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: வாயைத் திறக்காத ஓர் ஆள் தன்னைக் குளிக்க வார்க்க வேண்டும்.

சிரிக்க வேண்டாம். டென்மார்க்கில் ஹேர்னிங் ஊர்த் தையல் தொழிற்சாலையில் ஆண்டுக்கணக்காக மெசினுக்கு முன்னால் குனிந்திருந்தவள். மெசின்களைக் கழற்றிப் போலந்துக்கு அனுப்பியபோது முதலாளி அவளுடைய தோள் நோவை மட்டும் அவளிடமே விட்டுவிட்டுப் போனான். பிறகு மூட்டுவாதம் வந்தது. கை காதுக்கு மேலே போகாது. தலை வார முடியாது, முதுகு தேய்க்க முடியாது. ஆகவே ஹொல்ஸ்டெப்ரோவில் அவர்களுடைய மாடிவீட்டுக் குளியலறையில் அவளைக் குளிக்க வார்க்கும் பொறுப்பைக் கணவர் தோழர் தேவராசா ஏற்றுக்கொண்டார்.

நல்ல மனிதர். தண்ணீரின் சூடு பார்ப்பார், சவர்க்காரம் தேய்ப்பார், கூடவே பேசுவார். அதுதான் வில்லங்கம். தலை நிறைய நுரையோடு, கண்ணை இறுக்க மூடி, பிளாஸ்ரிக் கதிரையில் எழும்ப வழியில்லாமல் இருக்கும் ஒருத்தியைவிட நல்ல கூட்டம் எந்தக் கட்சிக்கும் வாய்ப்பதில்லை. உபரி மதிப்பில் தொடங்கினால் கால் விரலுக்கு வரும்போது ஏகாதிபத்தியம் முடிந்திருக்கும்.

தோழரின் வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் கட்சிக்காரர். கட்சி அவரை மொஸ்கோவுக்கு அரசியல் வகுப்புக்கு அனுப்பியது. அங்கே ஒரு பேராசிரியர் ஸ்கண்டினேவிய நாடுகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். அங்கே முதலாளிகள் தொழிலாளிக்கு மருந்தும் ஓய்வூதியமும் கொடுப்பது அன்பால் அல்ல, பயத்தால்; சோவியத் என்ற ஒரு நாடு இருக்கிறது என்ற பயத்தால். சமூக ஜனநாயகக் கட்சிக்காரன் என்பவன் தொழிலாளி அழாமல் இருக்க அவன் வாயில் சூப்பி வைப்பவன். தோழர் இதை அப்படியே நெஞ்சில் எழுதிக்கொண்டார்.

எண்பதுகளில் நாட்டில் இருக்க முடியாமல் போனபோது அவர் கிழக்குப் பேர்லின் விமான நிலையத்தில்தான் இறங்கினார். தொழிலாளர் அரசின் மண். அந்த மண்ணில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அங்கே அடைக்கலம் கேட்கும் எண்ணம் துளியும் இல்லாமல், ரயில் பிடித்து டென்மார்க்குக்கு வந்து சூப்பி கொடுப்பவர்களிடம் அடைக்கலம் கேட்டார். எதிரியின் கோட்டைக்குள் இருந்தால்தான் எதிரியை ஆராயலாம் என்று பிற்பாடு விளக்கமளித்தார். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

கொடுத்த வீட்டையும், கொடுத்த வைத்தியத்தையும், இப்போது வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு அன்று கொடுத்த பள்ளிக்கூடத்தையும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முறையும் சொன்னார்: “சோவியத்துக்குப் பயந்து குடுக்கிறாங்கள்.” பிறகு சோவியத் விழுந்தது. டென்மார்க் கொடுப்பதை நிறுத்தவில்லை. தோழர் சில மாதம் முகம் வாடித் திரிந்துவிட்டு, அது பழக்கதோசம் என்று தீர்ப்புச் சொன்னார்.

2009 சித்திரையில் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அவருடைய தம்பி குடும்பம் அதற்குள். தொலைக்காட்சியை யாரும் நிறுத்துவதில்லை. “பொறு, லட்சுமி. ரஷ்யா இருக்கு, கியூபா இருக்கு. ஒடுக்கப்பட்ட சனத்தை அவை கைவிடாயினம்,” என்றார் தோழர்.

அந்த நாட்களில்தான் இராசலட்சுமி அவருக்குச் சொல்லாமல் கொம்மூனுக்கு, அதாவது நகரசபைக்கு, தொலைபேசி எடுத்து வீட்டுதவி கேட்டாள். நேரில் பார்க்கப் பிர்கிட் என்ற பெண் வருவதாக முடிவானது.

அதிகாரி வருகிறாள். என்ன செய்வது? எங்கள் சனத்துக்குத் தெரிந்ததை இராசலட்சுமியும் செய்தாள். மேல்வீட்டு மட்டக்களப்புக்காரி விக்ரோரியாவைக் கூப்பிட்டு வீட்டைத் தேய்த்துக் கழுவுவித்தாள். விக்ரோரியா ரோல்சும் பற்றிசும் பொரித்தாள், தலையை வாரிக் கட்டிவிட்டாள், கூறைச்சேலையை எடுத்து உடுத்திவிட்டாள்.

“பொம்பிளை பாக்க வாற மாதிரிக் கிடக்கு அக்கா,” என்றாள் விக்ரோரியா.

“வாறவளுக்கு எங்களிலை ஒரு மதிப்பு வரவேணும். அப்பத்தானே தருவாள்?”

பிர்கிட் வந்தாள். பளபளக்கும் நிலத்தைப் பார்த்தாள். ரோல்ஸ் ஒன்றைக் கடித்துவிட்டு, “மிகவும் நன்றாக இருக்கிறது. யார் செய்தது?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்தவளிடம், மேல்வீட்டுக்காரி பொரித்தது என்று எந்தக் குடும்பப்பெண் சொல்லுவாள்? “நான்தான்,” என்றாள் இராசலட்சுமி.

“வீட்டைத் துப்புரவு செய்வது?”

“நான்தான்.”

“கையைத் தூக்கிக் காட்டுகிறீர்களா?”

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். உச்சந்தலை வரைக்கும் தூக்கினாள். கண்ணில் வந்த தண்ணீரைச் சிரிப்பால் மறைத்தாள். தோழர் தன் பங்குக்கு, டென்மார்க்கின் நலன்புரி அரசு ஒரு சூப்பி என்று டெனிஷ் மொழியில் நீளமாக எடுத்துரைத்தார். பிர்கிட் தலையாட்டிக் கேட்டுவிட்டு இன்னொரு ரோல்ஸ் எடுத்தாள்.

பிறகு தொலைபேசியில் மறுமொழி வந்தது. நீங்கள் மிகவும் நன்றாகச் சமாளிக்கிறீர்கள், உதவி தேவைப்படாது.

தோழரின் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அவள் கலியாணத்தன்றும் கண்டதில்லை. “பாத்தியே? சோவியத் இல்லையெண்ட துணிவிலை இல்லையெண்டு சொல்லிப்போட்டாளவை. மொஸ்கோவிலை பேராசிரியர் அண்டைக்கே சொன்னவர்,” என்றார். அந்தச் சந்தோசத்தில் அவளுக்கும் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அவள் அதைத் தொடவில்லை.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. தம்பி பெண்சாதியும் பிள்ளைகளும் கம்பி வேலி முகாமில் என்று தெரிந்தது. தம்பியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மாதக் கடைசியில் ஜெனீவாவில் மனித உரிமைச் சபை கூடியது. கொழும்பு அரசைப் பாராட்டும் தீர்மானத்துக்கு ரஷ்யா ஆதரவு, சீனா ஆதரவு, கியூபாவும் ஆதரவு.

“கியூபாவுமோ?” என்று தோழர் தொலைக்காட்சியிடம் கேட்டார்.

அன்றிரவு அவர் பேசவில்லை. இராசலட்சுமி பரிதாபப்பட்டாள். மனுசன் உடைந்துபோனார் என்று நினைத்தாள். காலையில் குளியலறையில் அவளுக்குத் தலை தேய்க்கத் தொடங்கி, நுரை நன்றாகப் பொங்கிய பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“இதிலை ஒரு ராஜதந்திரம் இருக்கு, லட்சுமி. மேற்கை எதிர்க்கிறதுக்காக அவை...”

அவள் கதிரையை விட்டு எழும்பினாள்.

“நிப்பாட்டுங்கோ.”

“நான் சொல்ல வந்தது...”

“உங்கட தம்பி உயிரோடையோ எண்டும் தெரியாது. அந்தச் சின்னனுகள் கம்பிக்குள்ளை நிக்குதுகள். அதைச் செய்தவனுக்குக் கைதட்டினவங்களுக்கு, என்ர தலையிலை சோப்பை வைச்சுக்கொண்டு நியாயம் சொல்லுறியளோ? இந்த நாட்டிலை இவ்வளவு காலம் திண்டதுக்கு ஒரு நாள் நன்றி சொன்னனீங்களோ? ஒரு நாள்? வெளியிலை போங்கோ.”

“தலை கழுவேல்லையே.”

“என்ர தலை. போங்கோ.”

போனார். அவளால் கழுவ முடியவில்லை. கை எட்டவில்லை. கோபம் எட்டியது. துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து பிர்கிட்டுக்குத் தொலைபேசி எடுத்து, தொழிற்சாலையில் படித்த டெனிஷில் சொன்னாள்: “நான் பொய் சொன்னேன். ரோல்ஸ் நான் செய்யவில்லை. வந்து பாருங்கள்.”

மறுநாள்தான் வர முடியும் என்றாள் பிர்கிட். மறுநாள் வரைக்கும் அந்தத் தலையை யாரும் தொட இராசலட்சுமி விடவில்லை. வாளியோடு இறங்கி வந்த விக்ரோரியாவையும் திருப்பி அனுப்பினாள். நுரை காய்ந்து முடி குச்சி குச்சியாய் நின்றது. பிர்கிட் அதைப் பார்த்துவிட்டு எதையும் தூக்கிக் காட்டச் சொல்லவில்லை.

“ஏன் முதலே சொல்லவில்லை?”

“நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தவர். வந்தவருக்கு முன்னால் முடியாது என்று சொல்ல வெட்கம்.”

பிர்கிட் பேனையைத் திறந்தாள். “கணவர் இருக்கிறாரே. அவர் குளிக்க வார்க்க முடியாதா?”

இரண்டு பெண்களும் தோழரைப் பார்த்தார்கள். மொஸ்கோவுக்கும் ஹொல்ஸ்டெப்ரோவுக்கும் இடையில் அவரிடம் யாரும் இவ்வளவு நேரான கேள்வியைக் கேட்டதில்லை.

“முடியும். ஆனால் அவளுக்கு விருப்பமில்லை,” என்றார்.

“ஏன்?”

“அதை விளங்கிக்கொள்ள நாங்கள் 1917-இலிருந்து தொடங்க வேண்டும்,” என்று தொடங்கினார்.

இரண்டாவது உலகப் போருக்கு அவர் வருவதற்கு முன்னமே பிர்கிட் பேனையை மூடிவிட்டாள். “விளங்கிவிட்டது,” என்றாள். “கிழமைக்கு இரண்டு முறை. திங்களிலிருந்து.”

திங்கட்கிழமை வந்த பெண் மெலிந்தவள், மூக்குச்சளி வேறு. தண்ணீர் சூடா என்று மட்டும் கேட்டாள். தோழர் உள்ளே எட்டிப் பார்த்து, அந்தப் பெண்ணிடம் அவளுடைய தொழிற்சங்கம் எது என்று விசாரிக்க வாயெடுத்தார்.

“கதவைச் சாத்திப்போட்டு, முகாமிலை இருக்கிற உங்கட சனத்துக்கு ஒருக்கால் போன் எடுத்துப் பாருங்கோ,” என்றாள் இராசலட்சுமி.

அவர் கதவைச் சாத்தினார்.