கலாதேவியின் இரண்டு கைகள்

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் பஸ் ஓட்டும் கலாதேவிக்கு வாய் கொஞ்சம் நீளம். பிள்ளை வண்டியைக் கோணலாக நிறுத்தும் தாய்மாரையும், பியர் போத்தலோடு ஏறும் இளவட்டங்களையும் தன் யாழ்ப்பாணத்து ஜெர்மனாலேயே அடக்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளைத்தான் ஒற்றைக் கண் மடக்கிப்போட்டது.

வலது கண்ணின் கருவிழி கூம்பிப் போயிருந்தது. இறந்துபோன ஒரு புண்ணியவானின் கருவிழியை வைத்துத் தைத்தார்கள். தையல் எல்லாம் பிரித்த பிறகு பார்த்தால், வெளிச்சம் வந்துவிட்டது, ஒழுங்குதான் வரவில்லை. புதுக் கருவிழி ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருந்ததால் ஒரு சிக்னல் மூன்றாகத் தெரிந்தது. மூன்றில் எதற்கு நிற்பது? கண்ணாடி போட்டால் தலை சுற்றியது. டிப்போவில், பயணிகள் தவறவிட்ட பொருட்களுக்கு அவளைப் பொறுப்பாக்கினார்கள். குடைகளோடு யாரால் சண்டை பிடிக்க முடியும்? கலாதேவி வாடிப்போனாள்.

லேசரால் அந்த வளைவைச் சரிசெய்யலாம் என்றார் டாக்டர். கண் இமைக்கும் நேரம் என்பார்களே, இமைக்கவே விடாமல் செய்து முடித்தார். "பார்வை நிலைக்கச் சில வாரமாகும். அதுவரைக்கும் கண்ணில் கை படக் கூடாது. அழுத்தினால் எல்லாம் வீண்."

அன்றிலிருந்து புருஷன் கிருபன் பொலிஸாகிவிட்டான். வெங்காயம் அவன்தான் வெட்டினான். தூங்கும்போதும் ஒரு கண்ணால் காவல்.

"இஞ்சேரும், கை!"

"மூக்கைத்தானப்பா சொறியிறன்!"

கலாதேவியோ விளக்கு, சிக்னல் எதைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்த்து, இன்னமும் மூன்றாகவே இருந்துவிட்டால்? பஸ் அவ்வளவுதான். அந்தப் பயம் அவளைப் பிடுங்கித் தின்றது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார்கள். பூசை முடிந்து ஐயர் கற்பூரத் தட்டை நீட்டினார். பிறந்ததிலிருந்து பழகிய கைகள் டாக்டரைக் கேட்குமா? சுடரைத் தொட்டு நேரே கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கிளம்பிவிட்டன. கிருபன் பாய்ந்து இரண்டு கைகளையும் எட்டிப் பிடித்து, வேறு வழி தெரியாமல் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

பின்னால் நின்ற பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஐயரும் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். திருப்பிக்கொள்ள வழியில்லாமல் கலாதேவி சுடரைப் பார்த்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ... ஒண்டுதானப்பா தெரியுது!"

"வடிவாப் பாரும்."

"ஓமப்பா, ஒண்டேதான்! நான் திரும்ப பஸ் ஓடுவன்!"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "கையை விடுங்கோ, துடைக்க வேணும்."

"ஏலாது. வழிஞ்சா வழியட்டும்."

அவனுடைய கண்களும் வழிந்துகொண்டுதான் இருந்தன. துடைக்க அவனுக்கும் கை இல்லை.