செட்காரர் துரத்திய நாள்

துறையடிப் பெற்றோல் செட்காரர் காசை வாங்கிக்கொண்டு பெற்றோலைக் குறைத்து அடிக்கிறார் என்று நான் அடியோடு நம்பினேன். ஒரு வாரம் ஓடவேண்டிய இரண்டு கலன் பெற்றோல் மூன்று நாளில் முடிந்தால் வேறென்ன நினைப்பது?

அன்று பின் சீற்றில் மனைவி இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. "பெற்றோல் அடிச்சனீங்களோ, காத்து அடிச்சனீங்களோ?" என்று கேட்டுவிட்டுக் காரைக் கிளப்பினேன். கண்ணாடியில் பார்த்தால், மனுசன் சைக்கிளில் துரத்துகிறார்! அடிக்கத்தான் வருகிறார் என்று பயந்து, புறப்படவிருந்த கிண்ணியாப் பாதையில், அந்த வாகனம் ஏற்றும் பலகைப் படகில், காரை ஏற்றினேன். கரை விலகியது. தப்பினேன் என்று சிகரெட்டை வாயில் வைத்து நெருப்புப்பெட்டியை எடுத்தேன்.

கரையிலிருந்து அவர் கத்தினார்: "மாஸ்டர், பத்த வைக்காதீங்கோ! டாங்கி ஒழுகுது!"

குனிந்து பார்த்தேன். காருக்கடியில் பலகையெல்லாம் பெற்றோல். படகு நிறையச் சனம், சுற்றிவரத் தண்ணீர், எனக்கோ நீந்தத் தெரியாது. கையிலிருந்த நெருப்புப்பெட்டியை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

"இப்ப ஓடுங்கோவன்!" என்றாள், பின்னால் இருந்த மனைவி.

படகுக்காரர்கள் எல்லாருடைய பீடியையும் அணைக்கச் சொல்லி, பலகையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவர் டாங்கி ஓட்டையைத் துணி தோய்க்கும் சவர்க்காரக் கட்டியால் அடைத்தார்.

செட்காரர் ஒரு சொட்டும் குறைக்கவில்லை. நான்தான் அத்தனை நாளும் தெருத்தெருவாகப் பெற்றோல் ஊற்றித் திரிந்திருக்கிறேன்.