கருவிக்குக் கேட்ட தேங்காய்

எங்கள் தோட்டத்தில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், நிலநடுக்கத்தைப் பதியும் கருவிக்கென்று ஒரு சிறு கட்டடம் இருக்கிறது. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற என்னிடம் அதன் சாவியைக் கொடுத்திருந்தார்கள். பூட்டியபின் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி இறங்கியபின் சந்தேகம் வந்து திரும்ப ஏறியதும் உண்டு.

சென்ற ஆண்டு பழைய கருவியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். கூரையில் சூரியத் தகடு இரண்டு, உள்ளே பேட்டரி நான்கு. முன்பெல்லாம் மாதத்துக்கொரு முறை ஆள் வந்து பதிவை எடுத்துப்போவார். இப்போது அது தானாகவே அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. ஆறு வாரம் கழித்து அந்த அலுவலகத்து அதிகாரியம்மா நேரிலேயே வந்துவிட்டார்.

"ஐயா, வெள்ளிக்கிழம காலையில பதிவுல ஒரு அடி விழுது. ஆறு வெள்ளியும் இருக்கு. பழசுக்குக் கேக்கல, புதுசுக்குக் கேக்குது. எடம் சரியில்லன்னா வேற மலைக்குக் கொண்டுபோகச் சொல்றாங்க."

அது என் மனைவியின் வேலை. பக்கத்து மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த ஒரு லயம் மண்ணுக்குள் போனதிலிருந்து, மழை பெய்தால் அவள் தூங்குவதில்லை. இந்தக் கருவி வந்த பிறகுதான் தூங்கினாள். அது அதிர்வைப் பதியுமே தவிர மலையைப் பிடித்து வைக்காது என்று பலமுறை விளக்கியிருக்கிறேன். "சரிங்க" என்பாள். வெள்ளிக்கிழமை அதன் வாசற்படியில் தேங்காய் உடைத்துவிட்டு வருவாள்.

படியில் கிடந்த சிரட்டைச் சில்லுகளை அதிகாரியம்மா பார்த்துவிட்டார்.

"எதுக்கும்மா தேங்கா?"

"மல அசையாம இருக்கட்டும்னுதான் மிஸ்."

"நீங்க ஒடைக்கிறதுலதானேம்மா அசையுது."

மனைவி சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாக, "பொட்டிய எடுத்துட்டுப் போயிராதீங்க மிஸ்" என்றாள்.

எவ்வளவு தூரத்தில் உடைத்தால் பதியாது என்று பார்க்க அதிகாரியம்மா மடிக்கணினியைத் திறந்தார். வீட்டிலிருந்த ஐந்து தேங்காயையும் தூக்கிக்கொண்டு மனைவி கீழே இறங்கினாள். நான் கட்டடத்துக்குள் கைப்பேசியோடு நின்றேன்.

"ஐயா, கொஞ்சம் அசையாம நில்லுங்க. நீங்க நடக்கிறதும் விழுது."

பாதை திரும்பும் இடத்தில் உடைத்தது நன்றாகவே தெரிந்தது. இன்னும் கீழே, மலைத்தண்ணீர் குழாயில் கொட்டும் பீலியருகே உடைத்தது சின்னக் கோடாக வந்தது. காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்திலிருந்து மூன்றாவது அழைப்பு வந்தது.

"ஒடச்சிட்டேங்க."

"ஒண்ணும் தெரியலையே."

"நல்லா ஓங்கித்தானே ஒடச்சேன்" என்றாள், கோபமாக.

அதிகாரியம்மா கைப்பேசியை வாங்கினார். "இனிமே அங்கேயே ஒடைங்கம்மா. பொட்டி இங்கேயே இருக்கட்டும்."

மீதியிருந்த இரண்டில் ஒன்று அன்று பகல் சம்பலாகி, ரொட்டியோடு அதிகாரியம்மாவுக்குப் போனது.

அந்த வியாழன் இரவெல்லாம் அடைமழை. அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள். மாலையில் பூட்டை மூன்று முறை இழுத்தேனா, இரண்டு முறையா என்று நினைவில்லாமல் நான்தான் விழித்துக் கிடந்தேன்.