தெருவுக்காகச் சாப்பிட்டவள்

ஊர் திரும்பியதிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. அத்தை கேட்டாள். பக்கத்து வீட்டு டீச்சர் கேட்டார். பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டார். "இத்தன நாடு சுத்துனியே, எங்க சாப்பாடு நல்லா இருந்துச்சு?" சித்தப்பா மட்டும் கேட்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லா எடத்துலயும் நல்லாத்தான் இருந்திருக்கும் போல" என்று அவரே முடிவுக்கு வந்துவிட்டார்.

இந்தக் கேள்விக்கு எனக்குச் சாப்பாடு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. சாப்பிடுவதையே வேலையாக வைத்திருந்த ஒரு அக்காதான் வருகிறாள்.

அவளைப் பார்த்தது ஒரு நகரத்தில், அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு பேட்டையில். பழைய கிடங்குகளை எல்லாம் உணவகங்களாக மாற்றியிருந்தார்கள். சுவரில் பாதிப் பூச்சை வேண்டுமென்றே பெயர்த்துவிட்டு, மீதிக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பெயர்ப்பலகை எவ்வளவு சின்னதோ, கடை அவ்வளவு உசத்தி. ஒரு கடைக்குப் பெயரும் இல்லை, கைப்பிடியும் இல்லை; கதவு எது என்று கண்டுபிடிப்பதற்குள் பசி அடங்கிவிடும். நான் ஒரு சலவைக் கடைக்கு மேலே அறை எடுத்திருந்தேன். கீழே இஸ்திரி ஓடும்போதெல்லாம் என் தரை சுடும். அதைக்கூட 'உள்ளூர் வாழ்க்கையின் வெதுவெதுப்பு' என்று என் இணையப் பக்கத்தில் எழுதியவள் நான்.

பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உணவகங்களைத் தேடித் தேடிப் போய் எழுதுவது அதன் நோக்கம். வாசகர்கள் என் அத்தை பிள்ளைகள், மற்றும் போன் உறை விற்கும் ஒருவர். ஆனால் எனக்குக் கொள்கை இருந்தது. கூட்டம் அலைமோதும் கடைக்குள் நுழைபவள் சுற்றுலாப் பயணி. ஜன்னலோரம் உள்ளூர்ப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து, தன்னை மறந்து சாப்பிடும் கடைக்குள் நுழைபவள் விஷயம் தெரிந்தவள்.

முதல் சாயங்காலமே அப்படி ஒருத்தி கண்ணில் பட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் சட்டை, தூக்கிக் கட்டிய கொண்டை. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு நொடி நிறுத்தி, அதைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"அவங்க சாப்பிடுறாங்களே, அதே வேணும்" என்றேன்.

பரிமாறுபவர் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "அது... அவங்களுக்குன்னு எடுத்து வெச்சதுங்க."

"பரவால்ல, அதுவே குடுங்க."

அவர் உள்ளே போய் யாருடனோ ரகசியமாகப் பேசிவிட்டு, சுட்ட காளான் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார். சில்லென்று இருந்தது. எண்ணெய் பளபளத்தது. 'சூட்டை முழுதாகத் துறந்த துணிச்சலான சமையல்' என்று அன்று எழுதினேன். போன் உறைக்காரர் கைதட்டும் படம் போட்டார்.

மறுநாள் வேறு கடை. ஜன்னலோரம் அதே பெண், இந்த முறை நீலச் சட்டை, விரித்த தலைமுடி. அதற்கு மறுநாள் மூன்றாவது கடையிலும் அவளே. எனக்குப் புல்லரித்தது. இது சாதாரண வாடிக்கையாளர் இல்லை. ஆள் அடையாளம் தெரியாமல் கடை கடையாகச் சாப்பிட்டுத் தீர்ப்பு எழுதும் பெரிய விமர்சகர். சக தொழில்காரி என்ற உரிமையில் நேராக அவள் மேசைக்குப் போனேன்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க யாருன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்."

அவள் முகம் வெளுத்தது. உதட்டில் இருந்த சிரிப்பு மட்டும் ஆணியடித்ததுபோல அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்புக்குப் பின்னாலிருந்து, பல்லைத் திறக்காமல் பேசினாள்.

"உக்காரு. உக்காந்துட்டுச் சிரி. தெருவப் பாத்து இல்ல, என்னப் பாத்து. யாரு அனுப்பினா உன்ன? எதிர்க் கடைக்காரனா?"

"இல்லங்க... நீங்க பெரிய சாப்பாட்டு விமர்சகர்தானே?"

கரண்டி நடுவழியில் நின்றது. பிறகு அவள் சிரித்தாள் பாருங்கள், மேசை ஆடியது. தண்ணீர் கிளாஸைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு ஜோடி நின்று, எங்களைப் பார்த்து, வாசல் பலகையைப் படித்து, உள்ளே வந்துவிட்டது.

"பாத்தியா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொய்யாச் சிரிச்சா அரை மணி நேரம் ஆவும். நெசமாச் சிரிச்சா ஒடனே வந்துர்றானுங்க. நீ நாளைக்கும் வா, பொண்ணு. ஒத்த ஆள விட ரெட்டை ஆளுக்கு மவுசு ஜாஸ்தி."

இப்படித்தான் அந்தத் தெருவின் தொழில் ரகசியம் எனக்குத் தெரியவந்தது. அங்கே காலிக் கடைக்குள் முதல் ஆளாக நுழைய யாருக்கும் துணிச்சல் கிடையாது. அதனால் விளக்குப் போடும் நேரத்துக்கு ஜன்னல் மேசையில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். மூன்று கடைகள் சேர்ந்து இவளை அமர்த்தியிருந்தன. பரிமாறுபவர்கள் வைத்த பெயர் பொம்மையக்கா. தட்டில் இருப்பது முந்தின நாள் மிச்சம். வெளிச்சத்தில் மின்னுவதற்காக மேலே எண்ணெய் தடவுவார்கள். என் துணிச்சலான சமையல் அதுதான்.

முன்பு அவள் துணிக்கடையில் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டும் வேலையில் இருந்தவள். ஒருநாள் மத்தியானம் வெளியே போக நேரமில்லாமல், கண்ணாடிக்கு உள்ளேயே இரண்டு பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் வெளியே ஒரு கூட்டமே நின்று வேடிக்கை பார்க்கிறது.

"துணிக்கடை மொதலாளி கத்து கத்துன்னு கத்துனாரு. எதிர்க்க ஓட்டல் மொதலாளி மட்டும் ரோட்டத் தாண்டி வந்து, 'நாளைக்கு நம்ம கடையில வந்து சாப்பிடுறியாம்மா'ன்னாரு. நான் வேற மாதிரி நெனச்சிட்டு செருப்பத் தூக்கிட்டேன்."

தொழிலில் அவள் கெட்டிக்காரி. போனைத் தொட மாட்டாள். கடைக்குக் கடை சட்டையும் தலையலங்காரமும் மாறும். ஒரே தட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவாள். சூப் மட்டும் வேண்டாம் என்பாள். "ஆவி போன சூப்பு முன்னாடி உக்காந்திருந்தா ஆஸ்பத்திரியில இருக்கற மாதிரி இருக்கும்டீ."

நான் தினமும் போய் எதிரே உட்கார்ந்தேன். உலகை அறியப் புறப்பட்டவள், ஆறிப்போன மிச்சத்தைத் தின்றுகொண்டு, என்னைப் போன்ற ஏமாளிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். இணையப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. 'ஆழமான களப்பணியில் இருக்கிறேன்' என்று மட்டும் போட்டேன்.

ஒருநாள் அக்கா வழக்கமான சிரிப்போடு, "என் தம்பி மறுபடியும் கெளம்பிருவான் போல" என்றாள். சிரிப்பும் செய்தியும் பொருந்தாததால் எனக்கு முதலில் புரியவில்லை.

தம்பி கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். அந்த வருடம்தான் கரையேறி, தெருவின் கடைசியில், வண்டி திரும்பும் முட்டுச் சந்தில் சின்னதாக ஒரு உணவகம் திறந்திருந்தான். அவ்வளவு தூரம் யாரும் நடந்து வருவதில்லை. கப்பல் ஏஜென்ட் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இந்த தடவ போனா மூணு வருஷம். போன தடவ வந்தப்ப என் பொண்ணப் பாத்து 'இந்தப் பாப்பா யாரு'ங்கறான். அது அவனப் பாத்து 'அங்கிள் யாரும்மா'ங்குது. இப்பத்தான் ரெண்டும் சண்ட போடுற அளவுக்கு ஒட்டுச்சு."

"அப்ப நீங்க அங்க போய் ஜன்னல்ல உக்கார வேண்டியதுதானே?"

"விட மாட்டேங்கறான். 'பொய்யா சாப்பிட்டு ஆள் புடிக்க என் கடை என்ன நாடகக் கொட்டாயா'ங்கறான். ரோஷக்காரன்."

அந்த வியாழக்கிழமை அவள் மற்ற மூன்று கடைகளுக்கும் ஜுரம் என்று சொல்லிவிட்டு, தம்பியின் பேச்சைக் காதில் வாங்காமல், அவன் கடை ஜன்னலில் போய் உட்கார்ந்தாள். நான் வெளியே நின்று வேடிக்கை பார்த்தேன். தம்பி முறைத்துக்கொண்டே மீன் வறுத்து, சூடாகச் சோற்றோடு கொண்டுவந்து வைத்தான்.

அங்கேதான் அவள் தொழில் காலை வாரியது. வருடக்கணக்காக ஆறினதையே சாப்பிட்டவள் முன்னால் ஆவி பறக்கிறது. முதல் கரண்டி நடுவழியில் நிற்கவில்லை. இரண்டாவது போனது தெரியவில்லை. நான் எதிர்ப்பக்கம் ஒரு கம்பத்தில் வசதியாகச் சாய்வதற்குள் தட்டு காலி. அதற்கப்புறம் என்ன செய்வாள்? கையை மடியில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் ஏக்கத்தோடு பார்த்தாள். ஜன்னலில் ஒரு காலித் தட்டு, அதற்குப் பின்னால் அழப்போகிற மாதிரி ஒரு முகம். எட்டிப் பார்த்தவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். இன்னொரு தட்டு வந்தது. அதுவும் அப்படியே போனது. மூன்றாவதுக்குப் பிறகு அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

"பாழாப் போனவன், கொஞ்சம் சுமாரா சமைச்சித் தொலைச்சா என்ன?" என்று பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை நான் முன்வந்தேன். உலகம் சுற்றிய நாக்கு, பக்குவப்பட்ட ரசனை. இதைவிட நல்ல பொம்மை எங்கே கிடைக்கும்? மீனை முள்கரண்டியால் தூக்கிப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, மெதுவாக மென்றேன். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. அக்கா கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னடி பண்ற? சாப்பிடுறியா, போஸ்ட்மார்ட்டம் பண்றியா?"

"ரசிக்கிறேங்க்கா."

"இதுவா ரசிக்கறது! ரெண்டு பேரு நல்லா உள்ள வர இருந்தாங்க. உன் மூஞ்சியப் பாத்துட்டு, 'சுகாதார ஆபீசர் ரெய்டு போல, வேற எடம் பாப்போம்'னு போயிட்டாங்க. என் காதால கேட்டேன்."

சமையலறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "ஏன்க்கா, ஒருத்தர் பத்தாதுன்னு ரெண்டு பேரா சேந்து என் கடைய மூடுறீங்க?"

சனிக்கிழமை மழை. யாரும் வரவில்லை. நாங்களும் யோசனை எதுவும் இல்லாமல் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு சாயங்காலம் தம்பியே எங்கள் இருவரையும் ஜன்னல் மேசையில் உட்கார வைத்தான். குரல் இறங்கியிருந்தது. "போதும்க்கா. ஏஜென்ட்டு கூப்பிட்டா வர்றேன்னு சொல்லிர்றேன். இன்னிக்கு நீங்க யாருக்காவும் சாப்பிட வேணாம். எனக்காக ஒழுங்கா சாப்பிடுங்க." பெரிய தட்டு ஒன்றை நடுவில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். வறுத்த மீன் துண்டுகள், மேலே பொரித்த வெங்காயம்.

அக்கா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாள். பிறகு இருவரும் குனிந்து சாப்பிட்டோம். தெரு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. கடைசித் துண்டு ஒன்று மிஞ்சியது. என் முள்கரண்டியும் அவள் முள்கரண்டியும் ஒரே நேரத்தில் அதில் குத்தின.

"கைய எடு. நீ எனக்கு மேலயே தின்னுட்ட."

"எண்ணிட்டா இருந்தீங்க? வெங்காயம் பூரா நீங்கதான்."

"என் தம்பி செஞ்சது. எனக்குத்தான்."

"நான் விருந்தாளி."

"விருந்தாளியா? உன்ன யாரு கூப்பிட்டா? நீயா வந்து ஒட்டிக்கிட்டவ."

அவள் ஒரு பக்கம் இழுத்தாள், நான் ஒரு பக்கம் இழுத்தேன். தட்டு மேசையில் சுற்றியது. நான் எழுந்து நின்றே இழுத்தேன். கண்ணாடிக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினோம். வழி தவறிச் சந்துக்குள் வந்த ஒரு பெரிய குடும்பம், அப்பா அம்மா பிள்ளைகள் எல்லோரும், வரிசையாக நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்களே, அது என்ன அயிட்டம்? எங்களுக்கும் கெடைக்குமா?"

அவர்கள் உட்கார்ந்ததும் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைப் பார்த்து ஒரு நண்பர் கூட்டம். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த கரண்டியோடு அப்படியே ஒரு கணம் நின்றான். அடுத்த கணம் உள்ளே எண்ணெய் சீறியது. கொஞ்ச நேரத்தில் வாசலிலும் ஆள் நின்றது. அவன் வேர்க்க விறுவிறுக்க எங்கள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, எந்திரி."

"என்னது?"

"மேசை வேணும். ஆளு நிக்குது. எந்திரிக்கா, சீக்கிரம்."

ஜன்னல் மேசையிலிருந்து எழுந்திருக்கச் சொல்லி அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். அப்போதுதான் சமையலறையில் போன் அடித்தது. அவள் அசையவில்லை. தம்பி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மீனைத் திருப்பிக்கொண்டே பேசுவது கதவு இடைவெளி வழியாகத் தெரிந்தது.

"சொல்லுங்க சார்... இல்ல சார், வரல... சத்தமா? கடைச் சத்தம் சார்... ஆமா, என் கடைதான்... வேற ஆளப் பாருங்க சார், அடுப்புல இருக்கேன்."

அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கடைசித் துண்டை நான் வாயில் போட்டுக்கொண்டேன். பெருமைக்குரிய செயல் இல்லைதான். ஆனால் அந்தப் பயணத்தில் நான் சூடாகச் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அது ஒன்றுதான், விட மனசில்லை.

நடைபாதைக்கு வந்தோம். உள்ளே எங்கள் நாற்காலிகளில் வேறு யாரோ உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொந்த அக்காவ வெளிய தள்ளிட்டான் பாரு" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு இன்னும் பசிக்குது. நீதான் இந்தத் தெரு பூரா ஆராய்ச்சி பண்ணியே. நல்லதா ஒரு எடம் சொல்லு."

நான் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன். தம்பி கடையைத் தவிர ஒரு கடையிலும் நான் அன்றன்று சமைத்ததைச் சாப்பிட்டிருக்கவில்லை. அவளுக்கு அது புரிந்து, தலையில் அடித்துக்கொண்டாள். சலவைக் கடைக்கு மேலே என் அறையில் ரொட்டி இருந்தது. அதைச் சாப்பிடக் கிளம்பினோம்.

நடக்கும்போது நான் கேட்டேன். "அக்கா, நாளைக்கு யாரும் வரலன்னா?"

"வரலன்னா வரல. நாளைக்கும் அவன் இங்கதானே இருப்பான்? போய் நல்லாத் திட்டிட்டு வருவேன்."