விரதத்தோடு நிறுத்திய குளிசை

சுடுபாலின் வாசம் வந்தால் இன்னமும் என் நெஞ்சு பதறும். எட்டு வருடமாக மனச்சோர்வுக்குக் குளிசை போட்டுவந்தேன். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மாலையில் பால் மட்டும் என்று விரதம் பிடித்தபோது, டொக்டரிடம் கேளாமலே குளிசையையும் நிறுத்தினேன். முருகன் பார்த்துக்கொள்வான் என்றிருந்தேன்.

நாலாம் நாள் தலைக்குள் மின்சாரம் வெட்டி வெட்டி ஓடியது. நிலம் தோணிபோல ஆடியது. பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு பிரான்சிலிருந்து வந்திருந்த அண்ணை, "என்னடி, சூரன் மாதிரி முழிக்கிறாய்?" என்று பகிடி விட்டார்.

"யுத்த நேரம் அம்மாவை விட்டிட்டு ஓடின ஆள்தானே நீங்கள்!" என்று கத்தினேன். எங்கிருந்து வந்ததோ அந்தச் சொல்.

மறுநாள் அவர் பிரான்சுக்குப் பயணம். மூன்று மாதத்தில் மாரடைப்பில் அங்கேயே போய்விட்டார்.

குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் அந்தத் தலைச்சுற்றும் கோவமும் வரும் என்று டொக்டர் பிறகுதான் விளக்கினார். இப்போது அவர் சொன்னபடி, மாதக்கணக்கில், கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்கிறேன். விரத நாளிலும் குளிசையை விடுவதில்லை.

தலை தேறிவிட்டது, மனம் தேறவில்லை. பயணத்தன்று வாகனத்தில் ஏறுமுன் அண்ணை கிட்ட வந்தார். நான் மறுபக்கம் திரும்பி நின்றேன்.

"எனக்குக் கோவமில்லை, பிள்ளை. ஒருக்கா என்ரை முகத்தைப் பாரன்."